துத்தம் படிந்த பம்பு

தேவாலா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் நர்சரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களை லயன் வீடுகளில் குடிவைத்துக்கொண்டிருந்த சமயம். கூன்வண்டின் புழுக்கள் கன்றுகளின் வேரைத் தின்று தீர்த்தன. வண்டைக் கொல்லும் பூஞ்சையைச் சோற்றில் வளர்த்துத் தெளித்துப் பார்க்கச் சொன்னார் மேலதிகாரி.

சோறு வடிக்கச் சிலோனிலிருந்து வந்த ஒரு பெண்ணை வைத்தேன். ஆறு மாதக் கர்ப்பிணி. மேட்டில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாதவளுக்கு நர்சரி வேலைதான் கதி. அவள் வடித்துப் பாட்டிலில் அடைப்பாள், நான் பூஞ்சையைச் சேர்ப்பேன். வெள்ளையாகப் பூத்ததும் தண்ணீரில் கரைத்து, பம்பில் ஊற்றி நானே அடித்தேன்.

மூன்று வாரமாகியும் ஒரு வண்டுகூடச் சாகவில்லை. அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். பாதி அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், அதனால்தான் பூஞ்சை போதவில்லை என்று ஆட்கள் முன்னிலையில் சொல்லிவிட்டேன்.

“ஒரு பருக்கைகூட எடுக்கல ஐயா. வயித்துல இருக்கிற புள்ள மேல சத்தியம்,” என்றாள்.

மறுநாளே அவளைக் கொழுந்து பறிக்க மேட்டுக்கு அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து, வேலை முடிந்த கையோடு வந்து ஒரு இலைப் பொட்டலத்தை நீட்டினாள். செத்த வண்டுகள், மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. நர்சரியின் கடைக்கோடிப் பாத்தியில் தேடிப் பொறுக்கியிருக்கிறாள். காலிப் பாட்டிலில் ஒட்டிய பூஞ்சைச் சோறு கால்பட்டு மிதிபடக் கூடாதென்று, கழுவிய தண்ணீரைத் தினமும் அந்தப் பாத்தியின் வேரடியில் கையால் ஊற்றி வந்தாளாம்.

அவள் போனபின் பம்பைத் திறந்தேன். உள்ளே நீலக் கறை. தேயிலையின் கொப்புள நோய்க்கு மயில்துத்த மருந்து அடித்த பம்பு. கழுவாமல் எடுத்தவன் நான். நோய்ப் பூஞ்சையைக் கொல்லும் துத்தம் என் பூஞ்சையை மட்டும் விட்டுவைக்குமா?

மேலதிகாரி வந்ததும் கோடிப் பாத்தியைக் காட்டினேன். வேரடியில் கையால் ஊற்றிப் பார்த்தேன் என்றேன். கூசாமல் அப்படித்தான் சொன்னேன். பம்பைப் பற்றி வாய் திறந்திருந்தால் அவளைக் கீழே வரவழைத்திருக்கலாம். என் வேலைக்குப் பயந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கத்தில் உடம்பு குறுகுகிறது.

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எதிர் மேட்டில், மழையில், கூடையைச் சுமந்து அவள் ஏறிக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.