நீர் வியாதி என்ற சொல்

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதியமான்கோட்டை அருகே நெடுஞ்சாலைக் கடை ஒன்றின் வாசலில் காவலுக்கு நிற்கிறார். பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவர். கடைசி நான்கு ஆண்டுகள் வடக்கே பனிமலை முகாம்களில். அங்கேதான் சர்க்கரை நோய் வந்தது. உடல்தகுதி குறைந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் நோய் பணியால் வந்ததல்ல என்று மருத்துவக் குழு எழுதியதால், ஊனத்துக்கான ஓய்வூதியம் மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைத்தால் அவர் நிற்கிற வேலையை விட்டுவிடலாம். வலது காலில் ஆறாத புண் இருந்தது.

மேல்முறையீட்டு மனுவை நான்தான் எழுதினேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். என் ஆங்கிலத்தின் மீது எனக்குக் கர்வம் உண்டு.

"சேரும்போது இரும்பு மாதிரி இருந்தேனுங்க சார். ஓட்டத்துல நாந்தான் மொதல்ல வருவேன். அதை எழுதுங்க" என்றார். எழுதினேன். பேச்சோடு பேச்சாக, "எங்கப்பனும் நீர் வியாதியிலதானுங்க போனாரு. பாக்க சகிக்காது" என்றார்.

நீர் வியாதி என்றதும் என் மனம் நீரிழிவு என்று எடுத்துக்கொண்டது. படிப்பவர் மனம் இளகட்டும் என்று, இதே நோயால் தந்தை துடித்து இறந்ததைக் கண்ட மகன் நான் என்று ஒரு பத்தி சேர்த்தேன். அவர் கேட்காத பத்தி. அதைத் தமிழில் சொல்லிக் காட்டவும் இல்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, புண்பட்ட காலைத் தூக்கியபடி நின்றார். தந்தைக்கும் இந்நோய் இருந்ததாக மனுதாரரே சொல்லியிருக்கிறார், ஆகவே இது பரம்பரையாக வந்தது என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"என்னங்க சார் போட்டிருக்கான்?"

"முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"ஏனாம்?"

"காரணம் சரியா சொல்லல."

அந்த வரியை விழுங்கிவிட்டேன். "செரி, விடுங்க சார். நம்ம ராசி அப்படி" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த ஆண்டு அவருடைய வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி காபி கொடுத்தபடி சொன்னார்: "பரம்பரையில இருக்கான்னு டாக்டரு கேட்டாருங்க. எங்க மாமனாரு சாவுற வரைக்கும் வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டே திரிஞ்சவரு, அவருக்கு ஏதுங்க சக்கரைன்னேன்."

"நீர் வியாதியில போனாருன்னு சொன்னாரே?"

"ஆமாங்க, கல்லடைப்பு. மூணு நாளு ஒரு சொட்டு நீர் எறங்கல. ஆஸ்பத்திரி சீட்டுகூட இன்னும் வூட்ல கெடக்குது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் நீரிழிவு என்று பேசுவதில்லை. சர்க்கரை என்பார்கள். எனக்கும் அந்த நோய் உண்டு. மருந்துக்கடையில் நானும் சர்க்கரை மாத்திரை என்றுதான் கேட்கிறேன். பேனாவை எடுத்தபோது மட்டும் அது எனக்கு மறந்துபோனது.

அன்றும் சொல்லாமல்தான் திரும்பினேன். நான்காம் நாள் போய் மிலிட்டரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விழுங்கிய வரியையும் சேர்த்து. அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஸ்பெல்லிங் ஒண்ணு தப்புனா பசங்கள முட்டி போட வெப்பீங்களாமே சார்?"

"ஆமா."

"தப்பா எழுதுனது போவுதுங்க. நானே கல்லடைப்புன்னு வெளங்கச் சொல்லியிருந்தா நீங்க ஏன் மாத்தி எழுதப் போறீங்க. ஆனா லெட்டரு வந்த அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, சீட்டைக் கொண்டுபோய் நீட்டியிருப்பேன். அப்ப எனக்கு வெரல் இருந்துச்சு."

அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தருமபுரியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். தீர்ப்பாயத்துக்குப் போகலாம், காலதாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும், மனுவை எழுதியவரே தவறை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தால் உதவும் என்றார். தமிழில் எழுதி, மிலிட்டரிக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். 'மறுப்புக்கான காரணத்தைத் தெரிந்தே அவரிடம் மறைத்தேன்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது வேணாங்க சார். கவனிக்கலன்னு போட்டுக்கங்க. இந்த வயசுல கோர்ட்டுல உங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"புடிவாதக்காரருங்க நீங்க" என்றார்.

வரியை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவர் காலில் கட்டோடு கடை வாசலில் நிற்கிறார். பேருந்தில் அந்த வழியே போகும்போதெல்லாம் அவர் எனக்குக் கை காட்டுகிறார். நானும் காட்டுகிறேன்.