லாலாங் புல்லைத் தாண்டிப் போன ஒளி

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, பொந்தியான் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. அறுவடை முடிந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நிலைத்ததில்லை.

வெயில் தாங்காமல் ஒரு ஹார்ட்வேர் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே, சேறு படிந்த பூட்ஸ் போட்ட ஒரு பெண் கடைக்கார பாயிடம் தூரம் அளக்கும் லேசர் கருவி கேட்டுக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியுமாக மரம் வெட்டும் தொழில் செய்பவர்கள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் ஒரு வீட்டின் பின்னால் பட்டுப்போன டுரியான் மரம் ஒன்று அடுப்படிப் பக்கமாகச் சாய்ந்து நின்றதாம். அதன் நுனி அடுப்படிக்கு எட்டாது என்றால் கீழே நின்றே அறுத்துச் சாய்க்கலாம். எட்டும் என்றால் மேலே ஏறித் துண்டு துண்டாக இறக்க வேண்டும்.

“உள்ள பூரா கரையான், பாய். ஏறினா மரத்தோட சேந்து இவரும் வந்துருவாரு.”

வாசலில் லோரியில் சாய்ந்திருந்த கணவர் சிரித்தார். “நான்தான் கண்ணாலயே பாத்துட்டேனே. எட்டாது.”

“எந்தக் கண்ணு? நேத்து லோரிய லேம்பு போஸ்ட்டுல கொண்டு போய் வச்சீங்களே, அந்தக் கண்ணா?”

பாய் முதலில் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் கொடுத்தார். கடைக்குள் சுவரில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று விழுந்தது. அந்த அக்கா அதை வெயிலுக்குக் கொண்டுவந்தார். புள்ளியைக் காணவில்லை.

“அது சீலிங் போடறவங்க வாங்கறது லா,” என்றார் பாய் கூச்சத்தோடு.

அடுத்தது, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் வகை. மலிவுதான். எதிர்க்கடையின் வெள்ளைச் சுவரை உடனே அளந்தது. பாய்க்கு மகிழ்ச்சி. “வெள்ளைச் சுவர எதுவும் அளக்கும் பாய், எனக்குக் கறுத்த மரம் வேணும்” என்று சொல்லி, அக்கா அதைச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் பக்கம் திருப்பினார். வெறும் கோடுகள்தான் வந்தன. பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து பழையது ஒன்றை எடுத்தார். கோல்ஃப் விளையாடும் ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். உறையெல்லாம் கிழிசல். ஆனால் அந்தக் கறுத்த மரத்தை ஒரே அமுக்கில் அளந்தது. அடியையும் நுனியையும் குறிபார்த்தால் உயரத்தையும் சொன்னது.

நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து அக்கா அதை என் கையில் கொடுத்தார். “பாருங்கண்ணே.” தூரத்து பெட்ரோல் நிலையப் பலகையைக் குறிபார்த்து அமுக்கினேன். எண் வந்தது.

“எப்படிம்மா?”

“வெளிச்சம் அங்க போய்ப் பட்டுத் திரும்பி வருதுண்ணே. அந்த நேரத்த வச்சுக் கணக்குப் போடுது.”

நான் கண் சிமிட்டக்கூட இல்லை. அதற்குள் அது போய்த் திரும்பியிருந்தது. வியர்க்க வியர்க்க நான் நடந்து வந்த அதே சாலைதான். உடம்பு சிலிர்த்தது.

அதையே வாங்கிக்கொண்டு, போகும் வழிதான் என்று என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டில், மரத்தைச் சுற்றி லாலாங் புல் நெஞ்சுயரம் வளர்ந்திருந்தது. மரத்தடிக்கும் அடுப்படிக்கும் உள்ள தூரத்தை முன்பே நாடா வைத்து அளந்திருந்தார்கள். அக்கா பக்கவாட்டில் தள்ளி நின்று அடிமரத்தைக் குறிபார்த்தார், பிறகு நுனியை. உயரம் வந்தது. அடுப்படிக்கு எட்டாது.

“சொன்னேன்ல!” கணவர் ரம்பத்தை எடுத்தார்.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. “அண்ணே, அந்த வெள்ள அரிசிச் சாக்க மரத்துல புடிச்சுக்கிட்டு நில்லுங்க. இன்னொரு தடவ பாத்துர்றேன்.”

புல்லை மிதித்துக்கொண்டு போய், மரத்தில் முதுகை ஒட்டிச் சாக்கைப் பிடித்தேன். அக்கா கருவியைக் கண்ணில் வைத்து அமுக்கினார். பிறகு ஒரு கூச்சல்.

“அலமாக்! அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!”

மறுபடியும், மறுபடியும் அளந்தார். முதலில் ஒளி மரம் வரைக்கும் போகவே இல்லை. நடுவில் நின்ற புல்லில் பட்டுத் திரும்பியிருந்தது. கருவி புல்லின் தூரத்தை மரத்தின் தூரம் என்று எடுத்துக்கொண்டு, உயரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டது. நான் மிதித்துப்போன வழியில்தான் ஒளி மரத்தைத் தொட்டது. புது எண்ணின்படி, நுனி அடுப்படிக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கும்.

உள்ளே யாரோ மீன் பொரிக்கும் வாசனை வந்தது. கணவர் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு லோரிப் படியில் உட்கார்ந்தார். பிறகு, “ஏறட்டுமா?” என்று கேட்டார்.

“ஏறுனீங்க, கால ஒடைச்சிருவேன்,” என்றார் அக்கா. “லாஸ்டிக் உண்டிவில்லால நூல் கட்டுன கல்ல அடிச்சு, மேல கயிறு போடுவோம். லோரிய வச்சு அந்தப் பக்கம் காட்டுக்கு இழுத்துரலாம். மரம் திரும்பிடாம பக்கக் கயிறு புடிக்கத்தான் ஆள் இல்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பக்கக் கயிற்றைப் பிடித்து நிற்பதுதான் என் வேலை. மரம் முனகியது, தயங்கியது, பிறகு வெற்றுப் புதருக்குள் போய் விழுந்தது. அடுப்படியில் ஒரு தகரம்கூட அசையவில்லை. அக்கா கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தரையில் ஊன்றி நின்ற அவருடைய இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாமல் போய்த் திரும்பும் அந்த வெளிச்சத்தை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அதையே ஒரு புல் மறித்துவிட்டதே என்பது அதைவிடப் பெரிய மலைப்பு.