ஞானராஜ் வீட்டு ஜெர்மன் காசு

போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் மின்ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் முருகேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “சார், கஸ்தூரி மேடம் ராத்திரி தவறிட்டாங்க. பீர்க்கன்கரணை வீட்லதான் வச்சிருக்காங்க” என்றார். வந்த ரயிலை விட்டுவிட்டு அவருடன் பஸ் ஏறினேன்.

மேடம் இயற்பியல் நடத்தியவர், நான் வரலாறு. எங்களைச் சேர்த்தது பழைய நாணயம். அவர் காசுகளை அடுக்கி வைத்திருந்த தட்டில், நல்ல காசுகளுக்கு நடுவே ஒரு போலியும் இருக்கும். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ஏமாந்ததும் என் கலெக்‌ஷன்தானே சார்” என்றார்.

ஞானராஜ் வீட்டு விவகாரம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அன்று கூட இருந்தவன் என்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. ஞானராஜ் அப்போது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கணக்கர், சேலையூர்க்காரர். அவருடைய தாத்தாவுக்கு ஒரு ஜெர்மன் பாதிரியார் கொடுத்த வெள்ளிக்காசு ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கழுகு. தாத்தா அதில் பொத்தல் போட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கடைசிவரை கழுத்தில் போட்டிருந்தாராம். பிறகு அது ஞானராஜின் அம்மாவிடம் இருந்தது. தம்பி ஜெபராஜ் தன் மகளின் ஞானஸ்நானத்துக்காக அதைக் கடைக்கு எடுத்துப்போய், பழைய பொத்தலிலேயே ஒரு வளையம் மாட்டி வாங்கி வந்தார். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டார். தம்பி அசலை விற்றுவிட்டு நகலை வைத்துவிட்டான் என்று முடிவுகட்டினார் ஞானராஜ். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு சனிக்கிழமை மத்தியானம் காசோடு இருவரையும் மேடத்தின் ஆய்வகத்துக்கு அழைத்து வந்துவிட்டார்.

மேடம் வளையத்தைக் கழற்றிவிட்டுக் காசை எடை போட்டார். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் போட்டார். பிறகு லென்ஸை எடுத்தார்.

“வெள்ளியா இருந்தா இந்த சைஸுக்கு இன்னும் கனம் இருக்கணும். இது வார்ப்பு. எழுத்தெல்லாம் மழுங்கியிருக்கு. விளிம்புல அச்சு சேர்ந்த கோட்டை அரத்தால ராவியிருக்காங்க. ஜெர்மன் காசு இல்ல சார், வெறும் ஜெர்மன் சில்வர். பேர்லதான் வெள்ளி, உள்ள செம்பும் நிக்கலும்.”

ஞானராஜ் எழுந்துவிட்டார். “கேட்டியாம்மா?”

“நான் மாத்தலண்ணா” என்றார் ஜெபராஜ். அம்மா இருவரையும் பார்க்கவில்லை.

மேடம் காசை மேஜையில் வைத்துவிட்டு ஜெபராஜின் முகத்தையே பார்த்தார். “உக்காருங்க ஞானராஜ் சார். போலியான்னு கேட்டீங்க, சொன்னேன். எப்பலேந்து போலின்னு கேக்கலையே.”

மறுபடியும் லென்ஸ். இந்த முறை பொத்தலின் மேல்.

“இது வட்டமா இல்ல பாருங்க. மேல்பக்கமா தேஞ்சு நீண்டிருக்கு. கயிறு உரசின தேய்மானம்.”

“அசல வச்சு அச்சு எடுத்தா பொத்தலும் அப்படியே வருமே மேடம்?” ஞானராஜ் விடவில்லை.

“வரும். நியாயமான கேள்வி. ஆனா வார்ப்புல வந்த பொத்தல்னா உள்பக்கமும் சொரசொரன்னு இருக்கும், இந்த ராஜா மூஞ்சி மாதிரி. நீங்களே பாருங்க. வழவழன்னு இருக்கு. வருஷக்கணக்கா கயித்துல தொங்கினாதான் இப்படி ஆகும். உங்க தாத்தா கழுத்துல கிடந்தது இதே காசுதான். உங்க தம்பி மாத்தல.”

ஞானராஜ் வெகுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாதான் பேசினார். “அப்ப அந்தப் பாதிரியாரே ஏமாத்திட்டாராம்மா?”

“தெரியாதும்மா. அவரும் ஏமாந்திருக்கலாம். காசப் பாத்து அதச் சொல்ல முடியாது.”

எங்கள் எதிரில் ஞானராஜ் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசல்வரை போனவர் நின்று, தம்பியைப் பார்க்காமலே, “அம்மாவ ஆட்டோல கூட்டிகினு நம்ம வூட்டுக்கு வா. சாப்ட்டுட்டுப் போலாம்” என்றார். ஜெபராஜ் தலையை மட்டும் ஆட்டினார். அன்று அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. அந்த டிசம்பரில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கல்லூரிக்கு கேக் கொண்டுவந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பீர்க்கன்கரணையில் பாடையைத் தூக்கியவர்களில் ஜெபராஜும் ஒருவர். ஞானராஜ் செருப்பில்லாமல் பின்னால் நடந்துவந்தார்.

மேடத்துக்கிருந்த கண் எனக்கு வாய்க்கவில்லை. இன்றும் சந்தேகமான காசைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறேன். ஆனால் முடிவைச் சொன்ன கையோடு எதிரே இருப்பவரின் முகத்தை அவர் பார்ப்பாரே, அதைக் கற்றுக்கொண்டேன். திருத்திய விடைத்தாளை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கு முன், இப்போதெல்லாம் நான் கொஞ்சம் நிற்கிறேன்.