நான் மூடி வச்ச பழைய வைஃபை

எனக்குக் கோபம் வந்தா முதல்ல குரல் வரும், புத்தி பின்னாடி ஆற அமர வரும். என் மனைவி அதுக்கு நேர் எதிர். அந்த அருமை எனக்கு ஒரு மதியம்தான் முழுசா விளங்குச்சு.

அவ கம்ப்யூட்டர் பாடம் நடத்தினவ. எனக்கு அணுமின் நிலையத்துல வேலையாகி, அணுபுரத்துல குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் வேலையை விட்டுட்டு வந்தா. பத்து வருஷம் கழிச்சு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அன்னிக்கு நாலு மணிக்கு ஆன்லைன்ல, அவளோட பழைய லேப்டாப்ல இருந்தே பாடம் நடத்திக் காட்டணும். அடுத்த வருஷம்னா வயசு வரம்பு தாண்டிடும்.

அதுக்காகவே முந்தின நாள் புது ரவுட்டர் வாங்கி மாட்டினேன். மூணு மணிக்கு அவ லேப்டாப்பைத் திறந்தா, அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையா நிக்குது, எங்க வீட்டுது மட்டும் காணோம்! என் போன்லயோ ஜம்முன்னு ஓடுது. "காயலான் கடைக்குப் போக வேண்டியதைக் கட்டிக்கிட்டு அழுவுறியே! கிளம்பு, புதுசு வாங்கிடலாம்"னு கத்தினேன். கடைக்குத் திருக்கழுக்குன்றம் போய்த் திரும்பவே நாலு ஆயிடும்னு எனக்குத் தோணவே இல்லை.

"கொஞ்சம் உக்காருங்க"ன்னா. கறுப்புத் திரை ஒண்ணைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினா. அந்த லேப்டாப்போட வைஃபை கார்டு என்னென்ன தாங்கும்ங்கிற விவரம் கடகடன்னு வந்து விழுந்துச்சு. ஒரு வரியில விரல் வச்சா.

"வைஃபை வகையில பி, ஜி, என். அவ்வளவுதான். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் பிடிக்கிற கார்டு, அஞ்சு கிகாஹெர்ட்ஸ் உங்க போனுக்குத் தெரியும், இதுக்குத் தெரியாது. ஆனா புது ரவுட்டரும் 2.4 குடுக்குமே. அதை யாருங்க நிறுத்தினது?"

எங்க ப்ளாண்ட்ல, தேவையில்லாத குழாய் லைனை மூடி, மேல 'தொடாதே'ன்னு சீட்டு மாட்டிட்டுத்தான் நகருவோம். அதே பழக்கத்துல, 2.4 பழசு, மெதுவு, எதுக்குன்னு நான்தான் மூடியிருந்தேன். ரவுட்டர் மேல வெள்ளை டேப் வேற: "2.4 மூடியாச்சு. தொடாதே." தேதி, கையெழுத்து எல்லாம் உண்டு.

அவ எழுந்து போய் அதைக் கையெழுத்து வரைக்கும் படிச்சா. திட்டலை. "ஆபீசர் சார், திறக்க அனுமதி உண்டா?"ன்னு மட்டும் கேட்டா. டேப்பை நானே கிழிச்சேன். நான் 2.4-ஐத் திறந்த மறு நிமிஷம் லேப்டாப்ல எங்க வீட்டு வைஃபை வந்து நின்னுச்சு. அடேயப்பா, இவளையா பத்து வருஷம் வீட்டுல உக்கார வச்சோம்னு இருந்துச்சு.

நாலு மணிக்குக் கதவுக்கு வெளியே நின்னு கேட்டேன். பாடம் முடிஞ்சதும் இன்டர்வியூ பண்ணினவங்கள்ல ஒருத்தர், "இவ்வளவு வருஷம் விட்டுட்டீங்களே, சமீபத்துல எதையாவது நீங்களே சரி பண்ணினது உண்டா?"ன்னார்.

போச்சுடா, மானம் கப்பலேறப் போகுதுன்னு நினைச்சேன். அவ கார்டைச் சோதிச்சதை, அந்த வரியைப் படிச்சதைப் படிப்படியா சொன்னா. 2.4-ஐ யாரு நிறுத்தினாங்கன்னு அவர் கேட்டார்.

"புது ரவுட்டர் சார், செட்டிங் அப்படி இருந்துச்சு. என் வீட்டுக்காரர்தான் உடனே மாத்திக் குடுத்தார்"னா.

வேலை கிடைச்சது. இன்னமும் அதே லேப்டாப்தான். தினம் காலையில பஸ் ஸ்டாப் வரைக்கும் அதை நான்தான் தூக்கிட்டுப் போறேன்.