கூட வந்தவரிடம் சொன்ன எலும்பு முறிவு

இந்த ஊர் டாக்டர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன கார்த்திகையில் வலது மணிக்கட்டைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தோம். வாசலில் நின்ற நர்ஸ் அம்மா அவரைக் கை காட்டி நிறுத்திவிட்டு, இவர் உள்ளே வருவதில் உங்களுக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. இவர் நல்ல மனுஷர்தான், தொந்தரவு செய்ய மாட்டார் என்று பதில் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. அதே கேள்வியை மறுபடி மெதுவாகக் கேட்டார். அப்புறம் ஒரு படிவம் வந்தது. என் உடம்பைப் பற்றி யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கட்டிய புருஷனுக்கே அனுமதிச் சீட்டா என்று வீட்டுக்காரர் தமிழில் முணுமுணுத்தார். அந்த நிமிஷம் நானும் அவர் கட்சிதான். என்ன ஊரப்பா இது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் விரலுக்கு அடியில், மணிக்கட்டோரம் ஒரு சிறு குழி விழும். நீங்களும் தூக்கிப் பாருங்கள், தெரியும். அந்தக் குழியில் அவர் அழுத்தியதும் எனக்கு உயிர் போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்றுக்கு இங்கே ‘கான்பைன்’ என்று பேர், நம்மூர் டாக்டர்கள் ஸ்கேஃபாய்டு என்பார்கள். முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும். என்னுடையது நடுவில் முறிந்து இரண்டு துண்டாக நின்றது. அதற்கு ரத்தம் ஒரு முனை வழியாகத்தான் போகிறது, முறிந்துவிட்டால் மறு துண்டுக்குப் போய்ச் சேராது என்றார். கடைமடை வயல் காய்வது எனக்குத் தெரியுமாகையால் இது மட்டும் சட்டென்று புரிந்தது.

முறிந்து மூன்று மாதம் இருக்கும், அப்போதே டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டார். காட்டினேன், சுளுக்கு என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அதைச் சொல்லும்போது, ஊரில் என் கையைப் பார்த்த அரியலூர் டாக்டர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் இந்தப் பெண் அப்படியில்லை என்று தலையை ஆட்டினார். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாதாம். குழியில் வலித்தாலே சந்தேகத்துக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி படம் எடுப்பதுதான் எல்லா ஊரிலும் வழக்கமாம். உங்கள் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் வரவழையுங்கள் என்றார்.

கையில் அடிபட்டது ஆவணி மாதம். என் தம்பி மணிவண்ணனின் கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவு போட்டு, செந்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மணிக்கு ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. பெண் சங்கீதா, குரும்பலூர்க்காரி. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கல்யாண வீட்டுக்காரி என்ற மிதப்பில் யாரையோ அதட்டிக்கொண்டே நடந்து, பந்தல் கயிற்றில் கால் தடுக்கி விழுந்தேன். வலது உள்ளங்கைதான் முதலில் தரையில் ஊன்றியது. வீக்கம் பெரிதாக இல்லை, ஆனால் தம்ளரைத் தூக்க முடியவில்லை. மணி என்னை வண்டியில் உட்காரவைத்து அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

அங்கேயும் டாக்டர் கட்டைவிரல் குழியில்தான் அழுத்தினார். நான் துள்ளியது அவருக்குத் தெரிந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கூட வந்தவங்க யாரு?” என்றார். மணி முன்னால் போனான். என்னைப் பக்கத்து அறையில் ஊசி போடக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் கையைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசுவது தெரிந்தது. எனக்கு அதில் எந்த வித்தியாசமும் தோன்றவில்லை, நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? மணி வெளியே வந்து, “எலும்புல ஒண்ணும் இல்லியாம்க்கா, சுளுக்குதானாம்” என்றான். துணிக்கட்டு ஒன்று சுற்றி அனுப்பினார்கள். தம்பி சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரிதான் எனக்கு.

முகூர்த்தத்தன்று காலையில் அந்தத் துணிக்கட்டையும் அவிழ்த்துவிட்டேன். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மணவறையில் பின்னால் நின்றேன். மணி இரண்டு முடிச்சுப் போட்டான், மூன்றாவது நாத்தனார் முடிச்சு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மஞ்சள் கயிற்றை இறுக்கியபோது மணிக்கட்டுக்குள் நறுக்கென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. சொந்தக்காரர்கள் அதைப் பாசம் என்று பேசிக்கொண்டார்கள். மணி மட்டும் திரும்பி என் கையைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கை எனக்கு என்ன என்று உங்களுக்குப் புரியாது. நான் இங்கே ஒரு ரொட்டிக் கடையில் தொழில் படிக்கிறேன். மூன்று வருஷப் படிப்பு, கடைசியில் கைத்தேர்வு. முறுக்கு மாதிரி இருக்கும் ‘ப்ரெட்சல்’ என்ற ரொட்டியைத் தேர்வாளர் கண் முன்னால் ஒரே வீச்சில் முறுக்கிப் போட வேண்டும், மாவைக் கையால் அடித்துப் பிசைய வேண்டும். பி.எஸ்சி. முடித்துவிட்டு ரொட்டி தட்டவா ஜெர்மனி போனாள் என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் தை மாதத் தேர்வில் பதில் சொல்லலாம் என்று இருந்தேன். லீவு முடிந்து திரும்பியதும் மாவைத் தொட்டாலே வலித்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மணிக்குப் போன் போட்டு, கை இன்னும் வலிக்கிறதடா என்று சொல்வேன். தைலம் போடு, சுளுக்கு அப்படித்தான் இழுக்கும் என்பான். நானும் போட்டேன். கடை முழுக்கத் தைல வாசனை என்று முதலாளியம்மா பிர்கிட் ஜன்னலைத் திறந்துவைப்பார்.

டாக்டர் கேட்ட சீட்டுக்காக வீட்டுக்குப் போன் செய்தேன். மணி வேலைக்குப் போயிருந்தான், சங்கீதாதான் எடுத்தாள். பீரோவில் எக்ஸ்ரே கவர் இருக்கும், உள்ளே இருப்பதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். பாவம், சொன்னதைச் செய்கிற பெண். கால் மணி நேரத்தில் நாலு படம் வந்தது. மூன்றாவது படத்தில் நாலாக மடித்து விரித்த ஒரு சீட்டு இருந்தது. ஸ்கேஃபாய்டு முறிவு சந்தேகம். மாவுக்கட்டுப் போட வேண்டும். பத்து நாளில் மறு எக்ஸ்ரே. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: கூட வந்தவரிடம் விளக்கப்பட்டது. கட்டுப் போடச் சம்மதமில்லை. அதற்கும் கீழே என் தம்பி தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தான். நான் அதை நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு மணிவண்ணனாக இருக்கக் கூடாதா என்று கூட நினைத்தேன்.

அவன் வேலை விட்டு வந்ததும் கூப்பிட்டேன்.

“சீட்டப் பாத்தேன் மணி.”

எந்தச் சீட்டு என்று அவன் கேட்கவில்லை.

“ரெண்டு நாள்தானேன்னு நெனச்சேன்க்கா. மாவுக்கட்டோட நீ மணவறையில நின்னா, சகுனம் அது இதும்பாங்க. ஒன்ன முடிச்சுப் போட வுட மாட்டாங்க. பெரியப்பா மவ வந்து போடுறதுக்கா நீ அங்கேருந்து வந்த?”

“சரி. மறுநாளு ஏன் சொல்லல?”

“மறுவூடு இருந்துச்சு. நீயும் வலி கொறஞ்சிருக்குன்ன.”

“இங்க வந்தப்பறம் வாராவாரம் கேட்டனேடா.”

“அப்ப சொன்னா ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்ப. பயமா இருந்துச்சுக்கா.”

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சீட்டை மடித்துப் பீரோவில் வைத்ததே அம்மாதான் என்றான்.

இரண்டு நாளை நான் மன்னித்துவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், என்னைக் கேட்டிருந்தால் நானே டாக்டரிடம் கட்டு வேண்டாம் என்றிருப்பேன். ஒரே தம்பி கல்யாணம், பெரியப்பா மகளுக்கு விட்டுக்கொடுக்கிற ஆளா நான்? முடிச்சைப் போட்டுவிட்டு மறுநாளே மாவுக்கட்டுக்கு அரியலூர் போயிருப்பேன். என் கையை நானே உடைத்துக்கொள்கிற உரிமையைக் கூட எனக்குத் தரவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. அப்புறம் அந்த மூன்று மாதம். எலும்பு காய்ந்துகொண்டிருந்தபோது அவன் தைலம் போடு, தைலம் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். திருடனுக்குக் கூட இவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்காது.

பிர்கிட்டிடம் நடந்ததைச் சொன்னேன், தேர்வை எழுத முடியாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. அவருக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. முதலில், டாக்டர் ஏன் தம்பியிடம் சொன்னார்? கூட வந்தவன் என்பதால் என்றேன். கூட வந்த டாக்ஸிக்காரனிடமும் சொல்வார்களா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்து, உன் தம்பிக்கு உன்னைப் பிடிக்காதா என்றார். ஐயோ, உயிரையே வைத்திருக்கிறான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போலீஸில் எழுதிக் கொடுக்க உதவி வேண்டுமா என்று கேட்டார். என் ஜெர்மன் பாஷை அதற்கு மேல் போகவில்லை. தமிழிலேயே சொல்ல வராத விஷயம்.

மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் செதுக்கி எடுத்து மணிக்கட்டில் வைத்து, இரண்டு துண்டையும் ஒரு சின்ன ஸ்குரூவால் சேர்த்தார்கள். மயக்கம் தெளிந்தபோது கையை விட இடுப்புதான் வலித்தது. எட்டு வாரம் கட்டு. தலை பின்ன முடியாது, புடவை கட்ட முடியாது, தோசையை இடது கையால் பிய்த்துத் தின்பேன். வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டார், அந்த நறுக்கலைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பிர்கிட் தேர்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதி என் தேர்வைக் கோடைக்குத் தள்ளிவைத்தார். கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்தது. பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஈரத் துணியைப் பிழியச் சொன்னாள். முதல் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விழவில்லை, உட்கார்ந்து அழுதேன். எலும்பு சேர்ந்ததா இல்லையா என்று நாலாம் மாதம் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், சேராவிட்டால் இந்தத் தொழிலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த நாலாம் மாதத்தில் சங்கீதாவுக்கு வளைகாப்பு வைத்தார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணி, நீங்க வராம எனக்கு யாரு வளையல் போடுவா என்று அவள் கேட்டதும் டிக்கெட் எடுத்தேன். சீட்டை அனுப்பியதற்காக அவளை வீட்டில் திட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் எனக்கு உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான், அதுவும் தெரியாமல் சொன்னவள். அம்மா மீன் குழம்பு வைத்தாள், முள் எடுத்துத் தட்டில் வைத்தாள், கையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பெரம்பலூரில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்திருந்தேன். “நானும் வரேன்க்கா” என்று மணி சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். வேண்டாம் என்றேன். அவன் முகம் விழுந்ததைப் பார்த்தும் வேண்டாம் என்றேன். அரியலூர் போய்த் தனியாகப் பஸ் ஏறினேன். ஸ்கேன் சென்டரில் படம் எடுத்த பிறகு டாக்டர் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்து யாரையோ தேடினார். யாரும் வரலீங்க, எங்கிட்டயே சொல்லுங்க என்றேன். அவருக்கு அது வினோதமாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் உட்காரவைத்துச் சொன்னார். சேர்ந்துவிட்டது. மணிக்கட்டு முழுசாக மடங்காது, கனமாகத் தூக்கினால் வலிக்கும், ஆனால் எலும்பு சேர்ந்துவிட்டது.

திரும்பும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மணி வண்டியோடு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் கையிலிருந்து பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டான். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் என் இடது கை தானாகப் போய் அவன் தோளைப் பிடித்தது. செந்துறை ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். சேதியை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வலது கையில் போனை எடுத்து, கட்டைவிரல் வலிக்க வலிக்க, பிர்கிட்டுக்கு ஜெர்மனில் எழுதினேன்: எலும்பு சேர்ந்துவிட்டது, கோடைத் தேர்வுக்கு என் பேரைக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரருக்குக் கூட அப்புறம்தான் எழுதினேன்.

“டாக்டரு என்னக்கா சொன்னாரு?” மணி கேட்டது காற்றில் பாதிதான் வந்தது. நான் பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமல், மறுபடியும் கேட்டான்.

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றேன். அவன் தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிர்கிட்டிடமிருந்து பதில் வந்துவிட்டது.