பஸ் திரும்பிய மூலை

காலை ஐந்து ஐம்பதுக்கு வாசல் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டவர் பெரியப்பா. தன் சொந்த மதிலைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு வில்லியனூரிலிருந்து எங்கள் ஊருக்கு முதன்முதலாக பஸ் வரப்போகிறது. வெள்ளோட்டம்தான். தெருமுனையில் வண்டி திரும்பாவிட்டால் இந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். பஸ் இல்லாவிட்டால் அக்காவுக்குக் காலேஜ் கிடையாது என்று அப்பா சொல்லியிருந்தார். முனையில் துருத்திக்கொண்டிருந்தது பெரியப்பாவின் மதில். அதைக் கட்டிய நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

முந்தின நாள் அப்பா ஊரையே திரட்டிக்கொண்டு போய்க் கேட்டார். பெரியப்பா கதவைத் திறக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு அம்மா மட்டும் பின்கட்டு வழியாகப் பெரியம்மாவிடம் போய்விட்டு வந்தாள்.

இப்போது பெரியம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாடி பாத்துகினு நிக்கிற? கல்ல வாங்குடி!"

ஓடினேன். அதற்குள் தெருவே வரிசையாக நின்றது. மாதா கோயில் தெருவிலிருந்தும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். கல் கைமாறிக் கைமாறிப் பறந்தது.

"கட்டசொல்லோ இந்த வேகத்த காணமேண்ணே!" என்றார் பால்காரர்.

"வாய மூடிகினு அள்ளுடா!" என்றார் பெரியப்பா.

அப்பா வந்து நின்றார். இன்னொரு கடப்பாரையை எடுத்தார்.

கடைசிச் சட்டி மண்ணை அள்ளும்போதே ஹாரன் கேட்டது. கண்டக்டர் குதித்து இறங்கி விசில் ஊதினார். "வா, வா, இன்னும் ஒடி!" வண்டி ஒருமுறை பின்வாங்கியது. அக்கா என் தோளை நசுக்கினாள். மிச்ச மதிலிலிருந்து ஒரு சாண் தள்ளி, உரசாமல் பஸ் திரும்பியது. நாங்கள் கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டன. அக்கா முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பாவுக்கும் பஸ் ஆசை வந்துவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய ஆடியில் பெரியம்மாவின் தாய் அந்த வீட்டில் இறந்துபோனார். அப்பா சாவுக்குப் போகவில்லை. அங்கே அடுப்பு மூட்டாத நாட்களில் அம்மாதான் சோறாக்கிப் பின்கட்டு வழியாகக் கொண்டுபோனாள்.