கொலுவில் நின்ற டாங்கி

ராணுவ டாங்கிக்குக் கர்ப்பூரம் காட்டிய குடும்பம் எங்களுடையது. சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறுதான் எரிகிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. கரமனையில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாண வீடுகளில் சமைப்பது அவர் தொழில். அந்த வருடம் குவைத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னான். மாமியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு மாமா விமானம் ஏறினார். பக்கத்து நாடான இராக்கில் அமெரிக்கப் படை புகுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

அப்பா கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துபவர். அமெரிக்க அரசியல் சாசனம் அவருக்குச் சுப்ரபாதம் மாதிரி. டி.வி.யில் குண்டுகள் விழுந்தபோது தெருவே உச்சுக் கொட்டியது. அப்பா மட்டும், "சர்வாதிகாரி போனாத்தானே ஜனநாயகம் வரும்?" என்றார். அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுக்கொண்டா போனார்கள் என்று அவரிடம் திருப்பிக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

நவராத்திரிக்குச் சற்று முன், குவைத்திலிருந்து வந்த ஒருவரிடம் மாமா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். சாவி கொடுத்தால் ஓடும் பச்சை டாங்கி, கூடவே ஆறு சிப்பாய்கள். மாமி வீட்டுக் கொலுவில் கீழே பூங்கா அமைக்கும் இடத்தை அந்த முறை என்னிடம் விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் செகரட்டேரியட் கட்டடத்தின் தூண்களை மனதில் வைத்து, அட்டைப்பெட்டியில் நான் ஒரு பார்லிமென்ட் செய்தேன். வாசலில் டாங்கியை நிறுத்தினேன். அதைப் பார்த்து அப்பாவுக்கு ஏக உற்சாகம். தீக்குச்சியில் காகிதக் கொடி ஒட்டி, தன் முத்து முத்தான கையெழுத்தில் "ஜனநாயகம்" என்று எழுதி, டாங்கியின் தலையில் அவரே செருகினார். ஜனநாயகம் என்றால் எல்லாரையும் கேட்டுக்கொண்டு செய்வது என்று எனக்கு விளக்கமும் சொன்னார். சுண்டலுக்கு வந்த மாமிகள் குனிந்து பார்த்து என் கன்னத்தைத் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம் மாமாவிடமிருந்து போன் வந்தது. போன் எங்கள் வீட்டில்தான் இருந்தது. மாமி கொலுவை விட்டுவிட்டு ஓடி வந்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அத்திம்பேர், நான் குவைத்துல இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிண்டு பஸ்ஸுல ஏத்தினா. எறங்கிப் பார்த்தா இராக். அமெரிக்கப் பட்டாளக் கேம்ப். அவாளுக்குத்தான் சமைச்சுப் போடறேன்."

"நீ மாட்டேன்னு சொல்லப்படாதோ?"

"என்னை யாரு கேட்டா, அத்திம்பேர்?"

கேம்புக்குள் ஷெல் வந்து விழுகிறதாம். சிப்பாய்களுக்குத் தலைக்கவசம் உண்டு, சமையல்காரனுக்குக் கிடையாது. தான் சமைத்ததை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் அவருக்கு அனுமதி இல்லை. இவ்வளவுதான் சொன்னார், லைன் போய்விட்டது.

மாமி அழவில்லை. நேரே கொலுவுக்குப் போய் டாங்கியின் மேல் கை வைத்தாள். சுண்டல் வாங்க உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அசடே, வச்ச கொலுவைக் கலைக்கப்படாது, கேட்டியா? விஜயதசமிக்குள்ள எடுத்தா ஆம்படையானுக்கு ஆகாது. அவன் அங்க இப்படி இருக்கச்சே நீ இதைச் செய்யலாமோ?"

மாமி கையை எடுத்துவிட்டாள். புருஷன் உயிரைச் சொல்லிப் பயமுறுத்தினால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? அதற்கப்புறம் தினமும் சாயந்தரம் தேவியில் தொடங்கிப் படிப்படியாகக் கர்ப்பூரத் தட்டைக் காட்டிக்கொண்டு வருவாள். கடைசியில் கீழே நிற்கிற டாங்கிக்கும் காட்டுவாள். தன் புருஷனை அடைத்து வைத்திருக்கிற பட்டாளத்துக்கு அவள் தன் கையாலேயே ஆரத்தி எடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அப்பா மனுவும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். குவைத்துக்கென்று கையெழுத்துப் போட்டவர் குவைத்தில்தான் இருப்பார் என்று ஒரு மேஜையில் சொல்லி அனுப்பினார்கள். உலகத்துக்கே சுதந்திரம் கொடுக்கக் கிளம்பியவர்கள், உருளைக்கிழங்கு உரிக்கிறவனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கியவனைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்களா? அப்பாவால் நம்ப முடியவில்லை. அவர் படித்த சாசனத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லையே!

விஜயதசமி சாயந்தரம் ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. மாமி மரப்பாச்சியைப் படுக்க வைத்தாள். அடுத்த நிமிடமே டாங்கியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லில் ஓங்கி அறைந்தாள். மூன்றாவது அறையில் அது சுக்குநூறாயிற்று. குழந்தைக்கு ஒன்றும் அனுப்பாமல் எனக்கு மட்டும் மாமா அனுப்பிவிட்டார் என்ற பொறாமை மாமிக்கு என்று நான் முடிவு கட்டினேன். அலறிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"ஜனநாயகம்னா கேட்டுட்டுத்தானே செய்யணும், நீங்கதானே சொன்னேள்? என்னைக் கேக்காம மாமி உடைச்சுட்டா!"

அப்பா என்னை ஓங்கி ஓர் அறை விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

மாமா மறு வருடம் திரும்பி வந்தார். சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காது கேட்காமல் போயிருந்தது. அதற்காக ஒரு தேசமும் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மாமியைப் பற்றிக் கோள் சொன்னதற்குத்தான் விஜயதசமியன்று அப்பா கொடுத்த அந்த அடி என்று அப்போது நினைத்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா கொல்லைக்குப் போய் கல்லடியில் கிடந்த காகிதக் கொடியைப் பொறுக்கினார். அதை நாலாக, எட்டாக, இனிமேல் கிழிக்க முடியாத அளவுக்குக் கிழித்தார். இவ்வளவு அழகான கையெழுத்தை ஏன் வீணாக்குகிறார் என்றுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.